மணாலி – லே தனிச் சைக்கிள் பயணம்: இரவுகளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

இமாசலத்து மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை சைக்கிளில் போகப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் மிதிக்கணும் என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது, ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுக்கப் போகிறீர்கள், அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று. இந்தச் சாலையில் திட்டம் போடுவது என்றால் இந்த இரண்டாவது கேள்விக்குப் பன்னிரண்டு பதிலை எழுதி வைப்பதுதான். கால் வலி ராத்திரி தூங்கினால் போய்விடும், உயரத்துக்குப் பழகாத உடம்பு தூங்கும்போதுதான் கெட்டுப்போகும்.

சாலையைப் பற்றிக் கொஞ்சம். பழைய வழியாக, அதாவது ரோத்தாங் கணவாய் ஏறி இறங்கிப் போனால் ஏறக்குறைய 475 கி.மீ. வழியில் ஐந்து கணவாய்கள்: ரோத்தாங் 3,978 மீட்டர், பாராலாச்சா லா சுமார் 4,890, நக்கீ லா சுமார் 4,740, லாச்சுலுங் லா சுமார் 5,060, கடைசியாகத் தங்லங் லா 5,328. 'லா' என்றால் அந்தப் பக்கத்து மொழியில் கணவாய். பலகைக்குப் பலகை, வரைபடத்துக்கு வரைபடம் இந்த எண்கள் பத்து இருபது மீட்டர் மாறும், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊர்க் கணக்கில் இந்த உயரத்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலேயே உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். பயணம் ஆரம்பிக்கும் மணாலியே 2,050 மீட்டர். அதனால் உயரத்துக்கு இங்கேயே பயிற்சி எடுத்துவிட்டுப் போகலாம் என்ற நினைப்பு வேண்டாம், அது நடக்காது. ஏற்றத்துக்குப் பயிற்சி எடுக்கலாம், அதற்கு நம் மலைகள் அருமையானவை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ., ஏறுவது கிட்டத்தட்ட 1,450 மீட்டர். மணாலியிலிருந்து ரோத்தாங் உச்சி 51 கி.மீ., ஏறுவது 1,900 சொச்சம். சரிவு என்று பார்த்தால் கோத்தகிரிதான் கொஞ்சம் செங்குத்து! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகள் என்று எது பக்கமோ அதில், பயணத்துக்கு முந்தின மூன்று மாதம், வாரம் ஒரு நாளாவது பையில் பத்துப் பன்னிரண்டு கிலோ ஏற்றிக்கொண்டு மிதியுங்கள். பையில்லாமல் வேகமாக ஏறிப் பழகி ஒரு பயனும் இல்லை. மூச்சு வாங்காமல், பக்கத்தில் ஒருவர் இருந்தால் பேசிக்கொண்டே போகிற அளவு மெதுவாக, மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே மிதிக்கிற பொறுமைதான் அங்கே வேண்டும்.

எப்போது போவது? சாலையில் பனி வெட்டி வழி திறப்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், முன்பெல்லாம் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ, இப்போது சில வருஷம் அதற்கு முன்னாலேயே. ஜூனில் ரோத்தாங்கில் சாலைக்கு இரண்டு பக்கமும் பனிச்சுவர் நிற்கும், பார்க்க அழகு, ஆனால் உருகும் தண்ணீர் எல்லாம் சாலை மேலேதான் ஓடும். ஜூலையில் மணாலிப் பக்கம் பருவமழை பிடித்துக்கொள்ளும். 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் குலு – மணாலிச் சாலையைப் பல இடத்தில் அடித்துக்கொண்டே போய்விட்டது. ரோத்தாங் தாண்டிய பிறகு லாஹௌல், லடாக் இரண்டும் மழைமறைவுப் பிரதேசம், மழை வெகுவாகக் குறைந்துவிடும். ஆக, ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி செப்டம்பர் நடுவில் லே போய்ச் சேருவதுதான் நான் சொல்லும் காலம். ஓடைகளில் தண்ணீர் இறங்கியிருக்கும், சாலையோரச் சாப்பாட்டுக் கடையான தாபாக்களை நடத்துகிறவர்களும் இன்னும் கூடாரத்தைப் பிரித்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தாபாக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிவிடுவார்கள், சோறும் கூரையும் இல்லாத தூரம் நீண்டுவிடும்.

சைக்கிள், சாமான்

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டியதில்லை. ஸ்டீல் ஃபிரேமோ அலுமினியமோ, கேரியர் போல்ட் போட ஓட்டை இருக்கிற சாதாரண எம்டிபி (மலைச் சைக்கிள்) போதும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், அது கியர். முன்பக்கச் சின்னச் சக்கரத்தில் 22 பல், பின்பக்கப் பெரிய சக்கரத்தில் 34 பல் இருந்தால் பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் சுமார் 1.4 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். லாச்சுலுங் லா ஏறும்போது உங்கள் வேகம் அதுதான். கியர் இதைவிடக் கனமாக இருந்தால் அதே வேகத்துக்கு எழுந்து நின்று மிதிக்க வேண்டிவரும், 5,000 மீட்டரில் எழுந்து நின்று மிதித்தால் பத்தே நொடியில் மூச்சு அடைத்துவிடும். கடையில் சொல்லிப் பின்பக்கப் பல்சக்கர அடுக்கையோ (கேசட்) முன்பக்கப் பல்சக்கரத்தையோ (செயின்ரிங்) மாற்றிக்கொள்ளுங்கள், மற்ற எந்தச் செலவையும்விட இது முக்கியம்.

டயர் 1.75 முதல் 2 அங்குலம் வரை. பின்சக்கரத்துக்கு 36 கம்பி உள்ள ரிம் கிடைத்தால் நல்லது, சுமை முழுக்க அதன் மேல்தான். கூடவே எடுக்க வேண்டியது: இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டுகிற சாமான், பம்பு, பிரேக் கட்டை ஒரு ஜோடி, கியர் கேபிள், பிரேக் கேபிள், செயின் கழற்றுகிற கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்துகிற இணைப்புக் கண்ணி இரண்டு, அளவு பார்த்து வாங்கிய கம்பி மூன்று நான்கு (ஃபிரேமின் பின்குழாயில் டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள்). அப்புறம், எல்லோரும் மறக்கிற ஒன்று: பின்பக்க டீரெய்லரை (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்துகிற கருவி) மாட்டுகிற ஹேங்கர். உள்ளங்கையில் பாதிகூட வராத அலுமினியத் துண்டு. ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதன் வடிவம் வேறு, மணாலியில் தேடினால் கிடைக்காது. எனக்கு டெல்லியிலிருந்து மணாலி போன ராத்திரி பஸ்ஸின் டிக்கியில் யாரோ சைக்கிள் பெட்டி மேல் பெரிய மூட்டையைத் தள்ளிவிட்டார்கள். காலையில் பிரித்துப் பார்த்தால் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்து கிடந்தது, முதல் கியருக்குப் போனால் டீரெய்லர் சக்கரக் கம்பியில் உரசுகிற சத்தம். பையில் இன்னொன்று இருந்ததால் இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் அந்தப் பயணம் பஸ் நிலையத்திலேயே முடிந்திருக்கும்.

பெட்டி கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் கடையில் கேட்டால் புதுச் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைத் தருவார்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டுங்கள், பாரம் விழுந்தால் ஃபோர்க் நசுங்காது. டீரெய்லரை ஹேங்கரிலிருந்து அவிழ்த்து, துணி சுற்றி, பின்சக்கரக் கம்பிகளுக்கு உள்ளே தள்ளிக் கட்டிவிடுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டதால்தான் மேலே சொன்ன கதை. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது நினைவிருக்கட்டும், தெரியாமல் பலம்போட்டு மரையைத் தின்ன வைத்துவிடாதீர்கள்.

கூடாரம் வேண்டுமா, வழியெல்லாம் தாபா இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டும். கூடாரம் என்றால் குளிருக்கு ஒதுங்க என்று நினைக்காமல், நினைத்த உயரத்தில் படுத்துக்கொள்ளும் வசதி என்று பாருங்கள். இரண்டு கிலோவுக்குள் ஒரு சின்னக் கூடாரம், பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரிக்குத் தாங்குகிற தூக்கப்பை, கம்பளிக் குல்லா, கெட்டியான கையுறை ஒன்று மெல்லியது ஒன்று, காற்றுப் புகாத மேல்சட்டை, கறுப்புக்கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தடவ ஏதாவது. வெயில் உறைக்காமலேயே மூக்கும் உதடும் வெடித்துவிடும், ரோத்தாங் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் இது தெரிந்துவிடும்.

பணம் ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், ரோத்தாங்குக்கு அந்தப் பக்கம் வரும் கீலாங் என்ற ஊரைத் தாண்டினால் லே பக்கம் போய்ச் சேரும்வரை ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் கீலாங்குக்கு அப்பால் உள்ள தார்ச்சா தாண்டியபின் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள்.

இரவுகள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி: 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னொரு ராத்திரி தங்கு. பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, படுக்கிற இடம்தான் கணக்கு. ஜீப்பிலும் பைக்கிலும் போகிறவர்கள் கீலாங்கில் ஒரு ராத்திரி, மறுநாள் 4,290 மீட்டரில் இருக்கும் சர்ச்சூவில் ஒரு ராத்திரி என்று போய், அந்தச் சர்ச்சூக் கூடாரத்தில் விடிய விடியத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சைக்கிள்காரருக்கு இந்த விஷயத்தில் மெதுவாகப் போவதே மருந்து, ஆனால் அந்த மெதுவைத் திட்டத்திலும் எழுதி வைத்தால்தான் கைகொடுக்கும்.

என் இரவுகள் இப்படி. மணாலியில் இரண்டு ராத்திரி, சைக்கிளைக் கட்டவும் சோதிக்கவும். மூன்றாவது மர்ஹி, சுமார் 3,300 மீட்டர், ரோத்தாங்குக்கு முந்தின தாபாக்கள் உள்ள இடம். மறுநாள் ரோத்தாங் ஏறி அந்தப் பக்கம் இறங்கிக் கோக்சார், 3,140. அடுத்து சந்திரா நதிக்கரை வழியாக, அது பாகா நதியோடு சேர்ந்து செனாபாகிற டாண்டி என்ற ஊரைக் கடந்து கீலாங். அங்கே சுடுதண்ணீர், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு, ஓய்வு நாளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஜிஸ்பா, 3,200.

2020 அக்டோபரில் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கம் திறந்தபின் வண்டிகள் எல்லாம் அதற்குள்ளே போய்விடுகின்றன, 46 கி.மீ. மிச்சம். நமக்கு அந்த மிச்சம் வேண்டாம். ரோத்தாங்கில் ஏறி இறங்கும் அந்த ஒரு நாள்தான் உடம்புக்கு முதல் பாடம், 4,000 மீட்டரைத் தொட்டுவிட்டு 3,100-க்கு வந்து தூங்குகிறீர்கள், இதைவிட நல்ல பழக்கம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. லாரிகள் சுரங்கத்துக்குப் போய்விட்டதால் பழைய சாலையில் டீசல் புகையும் குறைவு.

ஜிஸ்பாவுக்கு அடுத்துத்தான் கவனம். பெரும்பாலானோர் அங்கிருந்து ஒரே நாளில் ஜிங்ஜிங்பாருக்குப் போய்விடுகிறார்கள். 3,200-லிருந்து 4,270, ஆயிரம் மீட்டர்த் தாவல். தூரம் 35 கி.மீ. அளவுதான் என்பதால் கால் போய்விடும், மதியம் மூன்று மணிக்கெல்லாம் சேர்ந்தும்விடுவீர்கள். நானும் அப்படித்தான் போனேன். ராத்திரி எட்டு மணிக்குப் பின்மண்டையில் சின்னதாக ஒரு வலி, வெளிச்சத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எனக்கு எப்போதும் பிடிக்கிற பருப்பும் சோறும் வாய்க்குப் போகவில்லை. தாபா நடத்திய அக்கா, தீதி என்றுதான் அங்கே கூப்பிட வேண்டும், என் தட்டைப் பார்த்துவிட்டு, "கானா நஹீ காயா?" என்று கேட்டார். சாப்பிடவில்லையா என்று. அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. பசிக்காமல் போவது முதல் அறிகுறி, தனியாகப் போகிறவனிடம் அதைக் கேட்க ஆளில்லை. விடிந்ததும் பையைக் கட்டிக்கொண்டு வந்த வழியே பட்சியோ வரைக்கும் இறங்கினேன், சுமார் 3,800 மீட்டர், தீபக் தால் ஏரிக்குக் கொஞ்சம் மேலே. கூடாரம் போட்டுப் பகல் முழுக்கத் தூங்கினேன். சாயங்காலமே பசித்தது. மறுநாள் மறுபடி ஜிங்ஜிங்பார், இந்த முறை ஒரு தொந்தரவும் இல்லை. ஆகவே நீங்கள் முதலிலேயே பட்சியோவில் ஒரு ராத்திரியை எழுதிவிடுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜிங்ஜிங்பார்தான் திரும்பிப் போக வெறும் இறக்கமாக இருக்கிற கடைசி இடம். பாராலாச்சாவைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் இறங்கியது மாதிரி. சர்ச்சூவில் உடம்பு கெட்டால் பின்னால் போக 4,890, முன்னால் போக 5,060. லாச்சுலுங் லா தாண்டி வரும் பாங்க் என்ற இடத்தில் கெட்டால் பின்னால் 5,060, முன்னால் 5,328. உயர நோய்க்கு ஒரே நல்ல மருந்து இறங்குவது, அங்கே இறங்குவதற்கே முதலில் ஏறியாக வேண்டும். அதனால் ஜிங்ஜிங்பாரில் தலைவலியோடு எழுந்தால் பாராலாச்சா ஏறாதீர்கள். ஒரு நாள் போகட்டும்.

பாராலாச்சாவுக்குப் பின் சர்ச்சூவில் ஒரு ராத்திரி, மறுநாள் 24 கி.மீ. மட்டும் போய் கட்டா லூப்ஸ் என்ற வளைவு ஏற்றத்தின் அடிவாரத்தில் ஆற்றுப் பக்கம் கூடாரம், அடுத்து பாங், அடுத்து மோரே சமவெளியின் கடைசியில் டெப்ரிங், அப்புறம் தங்லங் லா ஏறி ரும்ட்சேயிலோ உப்ஷியிலோ ஒரு ராத்திரி, கடைசியில் லே. கட்டா லூப்ஸிலிருந்து பாங் ஒரே நாளில் முடியாது என்று தோன்றினால் நக்கீ லா தாண்டி விஸ்கி நாலாவில் தங்கலாம் என்பார்கள், ஆனால் அது 4,700-க்கு மேல், பாங்கைவிட உயரம். நிலைமை அப்படி ஆகாமல் இருக்க விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள்.

தனி ஆளுக்கான சோதனை

இரண்டு பேர் போனால் ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்ப்பார். தனியாகப் போகிறவர் அந்த இரண்டாவது ஆளாகவும் தானே இருக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: தலைவலி இருக்கிறதா, ராத்திரி சாப்பிட்டது எவ்வளவு, வாந்தி வருகிறதா, தூக்கம் எப்படி, படுத்திருக்கும்போது மூச்சு வாங்குகிறதா. அப்புறம் வெளியே வந்து ஒரு நேர்க்கோட்டில், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் தொட்டுத் தொட்டுப் பத்து அடி நடங்கள். தடுமாறினால் அது குளிராலோ தூக்கக்கலக்கத்தாலோ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மூளையில் நீர் கோத்தால் முதலில் போவது நடைதான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைப்பதும், விடாத இருமலும், நுரையாகச் சளி வருவதும் நுரையீரலில் நீர் சேர்வதற்கு அடையாளம். இந்த இரண்டில் எது வந்தாலும் சைக்கிளைத் தாபாவில் போட்டுவிட்டு வருகிற முதல் வண்டியைக் கை காட்டி நிறுத்தி இறங்கிவிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது, அவசரம் என்றால் அங்கே போய் நில்லுங்கள்.

டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கிளம்புவதற்கு முன்னாலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். உயரத்துக்குப் பழகுவதை அது வேகப்படுத்தும், வழக்கமாக 125 மில்லிகிராம் காலை மாலை என்று கொடுப்பார்கள், விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டிருக்கிறோம் என்று பட்சியோ இரவை வெட்டிவிடாதீர்கள்.

ஒவ்வொரு தாபாவிலும் கிளம்பும்போது தாபாக்காரரிடம் இன்றைக்கு எங்கே போய்ச் சேரப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் லாரி ஓட்டுநர்களிடம் சொல்வார்கள், ஓட்டுநர்கள் அடுத்த தாபாவில் கேட்பார்கள். நான் பாங்க் போய்ச் சேர்ந்தபோது, சர்ச்சூவில் டீ குடிக்கும்போது பார்த்த ஒரு ஓட்டுநர் எனக்கு முன்னாலேயே அங்கே, "மதராஸி சைக்கிள்வாலா வருவான், ரொட்டி எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். 'சக்கர் ஆ ரஹா ஹை' என்றால் தலை சுற்றுகிறது, 'சாஸ் பூல் ரஹீ ஹை' என்றால் மூச்சு வாங்குகிறது. ஹிந்தி தெரியாவிட்டாலும் இந்த இரண்டை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். லடாக்குக்குள் போய்விட்டால் வணக்கத்துக்கும் நன்றிக்கும் சேர்த்து ஒரே சொல், 'ஜூலே'.

ஒரு நாள் எப்படிப் போகணும்

காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறரைக்குள் சாலையில் இருங்கள். இரண்டு காரணம். சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிற ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். ராத்திரிக் குளிரில் மேலே பனி உருகாது, காலையில் கணுக்கால் அளவு ஓடும். வெயில் ஏறி மதியம் ஆனால் அதே ஓடை முழங்காலுக்கு வந்துவிடும். தள்ளிக்கொண்டு போகும்போது சைக்கிளை நீர் வருகிற பக்கம் வைக்காதீர்கள், நீர் உந்தி உங்கள் மேலேயே சாய்க்கும். ஷூவோடு இறங்காமல் அதற்கென்று ஒரு பழைய ரப்பர் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், வார் வைத்தது. இரண்டாவது காரணம் காற்று. சர்ச்சூவிலும் மோரே சமவெளியிலும் மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று எழுந்தால் சமதரையிலும் கணவாய் ஏறுகிற வேகம்தான். இரண்டு மணிக்குள் அன்றைய மிதிப்பு முடிந்துவிட வேண்டும்.

தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு லிட்டராவது. ஆற்றுநீர் பல இடத்தில் மாவு கரைத்த மாதிரி இருக்கும், பாறைத்துகள். பாத்திரத்தில் தெளியவிட்டு, மேல்தண்ணீரை எடுத்து, குளோரின் மாத்திரை போட்டுக் குடியுங்கள். மோரே சமவெளி சுமார் 40 கி.மீ., அங்கே தண்ணீரை நம்பிப் போகாமல் பாங்கிலேயே எல்லாப் பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு தாபாவில் பருப்பு, ராஜ்மா, சோறு, ரொட்டி, ஆம்லெட், மேகி. 4,600 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. நீங்களே சமைக்க நினைத்தால் அரிசி பருப்பை விட்டுவிட்டு ரவை, அவல், ஓட்ஸ் எடுத்துப்போங்கள். நம் வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டியது பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய். இதைச் சும்மா சொல்லவில்லை. உயரத்தில் பசி மங்கும்போது பழகிய புளிப்பும் காரமும்தான் நாலு வாய் கூட இறங்க வைக்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு கிலோ வாங்கித் துண்டு துண்டாக மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பசிக்கிறதோ இல்லையோ, முக்கால் மணிக்கு ஒன்று.

கட்டா லூப்ஸ் பற்றி இங்கே சொல்ல வேண்டும், எல்லோரும் பயப்படுகிற இடம். 21 கொண்டை ஊசி வளைவுகள், பத்து கி.மீ. அளவில் சுமார் 450 மீட்டர் ஏற்றம். சரிவு நம் மலைகளைவிட லேசுதான். வளைவுகளை எண்ணாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள், நான் எண்ணினேன், ஒவ்வொரு வளைவிலும் ஒரு காலை ஊன்றி நின்று இருபது மூச்சு, அப்புறம் அடுத்தது. முன்சக்கரம் சரளைக் கல்லை ஒவ்வொன்றாக நெரித்துக்கொண்டு ஏறுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. கீழே பார்த்தால் காலையில் மடித்த கூடாரத்தின் இடம், மஞ்சள் புல்லில் செவ்வகமாக இன்னும் தெரிகிறது. மேலே ஒரு வளைவில் ஒரு சின்னக் கல்மாடம், அதைச் சுற்றித் தண்ணீர் பாட்டில்கள் குவியலாக. பழுதான லாரிக்குக் காவலாக விட்டுப்போன கிளீனர் ஒருவன் பனி மூடித் தண்ணீர் தண்ணீர் என்று செத்துப்போனான் என்று ஒரு கதை, போகிறவர்கள் அவனுக்காக வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் அரை பாட்டில் வைத்தேன். தனியாகப் போகிறவனுக்கு அந்த இடத்தை அப்படியே தாண்டிப் போக மனம் வராது.

உச்சிக்குப் போனதும் வியர்வை காய்வதற்குள் முதலில் மேல்சட்டையையும் கையுறையையும் மாட்டுங்கள், போட்டோ அப்புறம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சுமையோடு ரிம் சூடாகி டியூப் வெடிக்கும், டிஸ்க் என்றால் பிடிப்பு மங்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைந்ததும் விட்டுவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை நின்று ரிம்மை விரலால் தொட்டுப் பாருங்கள்.

தங்லங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். நூறு மீட்டர் மிதித்து, நின்று, மறுபடி நூறு மீட்டர் என்று ஏறினாலும் ஏறிவிடலாம், தள்ளிக்கொண்டு போனாலும் குறையொன்றுமில்லை. அதற்குப் பின்னால் ரும்ட்சே, கியா, மீரு என்று பச்சை வயல் உள்ள ஊர்கள் ஒவ்வொன்றாக வரும், பாறை கருஞ்சிவப்பாக மாறும், உப்ஷியில் சிந்து நதி. ஒரு வாரம் கழித்து மரத்தைப் பார்க்கிறீர்கள்.

உப்ஷியிலிருந்து லே ஐம்பது கி.மீ.க்குள், சிந்து ஓரமாகவே காரு, திக்சே, ஷே. பாதிப் பேர் இங்கே தண்ணீரையும் தின்பண்டத்தையும் காலி பண்ணிவிடுவார்கள், பயணம் முடிந்துவிட்டது என்று. முடியவில்லை. சோக்லம்சரில் ஆற்றை விட்டு விலகி லே கடைத்தெருவுக்கு இருநூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், மதிய வெயில், வண்டி நெரிசல், நிழல் கிடையாது. ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு கடலை மிட்டாயும் அதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.